யாத்திரைப் பாதையும் மறைக்கப்பட்ட தலைகளும்

ஸ்பெயினின் வடமேற்குக் கோடியிலுள்ள சந்தியாகோ தெ கொம்பொஸ்தெலா நகரை நோக்கிச் செல்லும் யாத்திரைப் பாதையினைப் பற்றி எழுதுவோர் இன்று பெரும்பாலும் ஒரே பல்லவியையே பாடுகின்றனர். அப்பாதை சமயங் கடந்ததாம், அரசியல் அறியாததாம், நடப்பவன் தன்னைத் தானே கண்டுகொள்ள உதவுவதாம். இக்கூற்றினை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நடப்போரை இழித்துரைப்பது எமது எண்ணமன்று. பிரெனீஸ் மலையடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தூரத்தைக் கால்நடையாகக் கடப்பவரது வியர்வை மெய்யானதே. அவ்வியர்வையைக் காட்டி வரலாற்றைத் துடைத்துவிட முனைவோருடனேயே எமக்கு வழக்கு.

கொம்பொஸ்தெலாப் பேராலயத்தினுள்ளே 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்பமொன்று உண்டு. குதிரைமீதமர்ந்து வாளோங்குபவர் அப்போஸ்தலராகிய புனித யாகப்பர். குளம்புகளின் கீழே வெட்டுண்டு கிடப்போர் மூர்கள், அஃதாவது ஐபீரியத் தீபகற்பத்து முஸ்லிம்கள். 'மத்தாமோரோஸ்', மூர்களைக் கொன்றவர், என்பதே இவ்வடிவத்தின் பெயர். 2004 மார்ச்சில் மட்ரிட் புகையிரதங்களில் குண்டுகள் வெடித்தன. அவ்வாண்டிலேயே, இச்சிற்பத்தை அகற்றி நூதனசாலையில் வைக்கப்போவதாகப் பேராலயத்தார் அறிவித்தனர். எதிர்ப்பெழுந்ததும் அம்முடிவு கைவிடப்பட்டது. வாளும் குதிரையும் இருந்தவாறே இருந்தன; வெட்டுண்டோர் மட்டும் மலர்களால் மூடப்பட்டனர். பாதையைப் பற்றிய இன்றைய எழுத்துகளிற் பெரும்பாலானவை செய்வதும் இந்த மலர்களின் வேலையைத்தான்.

கலிலேயாக் கடலில் வலைவீசிய மீனவர் ஒருவர் குதிரைவீரரானது எவ்வாறு? அவரது கல்லறை கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படுவது 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். அஸ்தூரியாஸ் மன்னன் இரண்டாம் அல்போன்சோவின் காலத்தில். கோர்தோபாவின் பேரரசுக்கு முன்னே சிறியதொரு கிறிஸ்தவ அரசு தன்னை நிலைநிறுத்த முயன்ற வேளை அது. அவ்வரசுக்கு ஒரு புனிதர் தேவைப்பட்டார், கிடைத்தார். பின்னர் கிளாவிகோ என்னுமிடத்தில் 844இல் நடந்த போரில் அவர் விண்ணிலிருந்து தோன்றி மூர்களை அழித்தார் என்ற கதை எழுந்தது. அவ்வாறானதொரு போர் நடைபெறவேயில்லை என்பது இன்று வரலாற்றாசிரியர் ஒப்பும் உண்மை.

நடைபெறாத போருக்கு வரி மட்டும் நடைமுறைக்கு வந்தது! வெற்றிக்கு நன்றியாக மன்னன் முதலாம் ரமிரோ நேர்ந்துகொண்டதாக 12ஆம் நூற்றாண்டில் ஆவணமொன்று புனையப்பட்டது. அதன்படி உழவர்கள் ஏரொன்றுக்கு இவ்வளவென்று தானியமும், அதனோடு திராட்சை மதுவும் யாகப்பரின் ஆலயத்துக்கு அளத்தல் வேண்டும். போரிற் கைப்பற்றும் கொள்ளையிலும் ஒரு குதிரைவீரனுக்குரிய பங்கு புனிதருக்கு ஒதுக்கப்பட்டது. பரலோகத்திலிருப்பவருக்குக் கொள்ளைப் பங்கு எதற்கென்று வினவியோர் இருந்தனரோ, அறியோம். யாத்திரைப் பாதையை வாழ்நாளில் மிதித்தேயறியாத குடியானவர் பலரும் இவ்வரியைச் சுமந்தனர். காடிஸ் நகரிற் கூடிய நாடாளுமன்றம் அதனை ஒழிக்கத் தீர்மானித்தது 1812இலேயாகும்.

கொம்பொஸ்தெலாவுக்கும் கோர்தோபாவுக்கும் இடையே இன்னுமிரு நடைப்பயணங்கள் நிகழ்ந்ததை வரலாற்று நூல்கள் கூறும். 997இல் அல்மன்சூர் கொம்பொஸ்தெலாவைச் சூறையாடி, ஆலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோள்களில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுசென்றான். 1236இல் கோர்தோபாவைக் கைப்பற்றிய மூன்றாம் பெர்னாந்து அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோள்களில் ஏற்றித் திருப்பியனுப்பினான். இருவருக்கும் மணிகளே பெரிதாயின. சுமந்து நடந்தவர்களின் பாதங்களைப் பற்றி எந்தப் பயணக் கைந்நூலும் கவலைப்படுவதில்லை.

இவை பழங்கதைகள் எனத் தள்ளிவிடுவோருக்கு 1937ஐ நினைவூட்டுதல் தகும். உள்நாட்டுப் போரின் நடுவே யாகப்பரை ஸ்பெயினின் பாதுகாவலராக மீண்டும் அறிவித்தவர் பிராங்கோ. அப்போரைச் சிலுவைப் போரென வருணித்த அவரது படையில் மொரோக்கோ முஸ்லிம்கள் பல்லாயிரவர் போரிட்டனர் என்பது கசப்பான முரண்.

நியாயமானதொரு மறுப்பு இங்கு எழலாம். அப்பாதையில் நடந்தோர் அனைவரும் போர்வெறியரா? அல்லர். நோயாளர், பாவத்துக்கு வருந்தியோர், நீதிமன்றங்களாற் தண்டனையாக அனுப்பப்பட்டோர், வெறும் ஊர்சுற்றிகள் எனப் பலரும் நடந்தனர். அவர்களுக்குச் சோறும் படுக்கையும் தந்த விடுதிகளின் ஈகை போற்றுதற்குரியது. 1984இல் மஞ்சள் அம்புக்குறிகளை வரைந்து வழிகாட்டிய எலியாஸ் வலிஞ்ஞா என்ற கிராமத்துக் குருவானவரும் எவருக்கும் தீங்கு நினைத்தவரல்லர். ஆனால் 1987இல் ஐரோப்பிய மன்றம் இதனை ஐரோப்பாவின் முதலாவது பண்பாட்டுப் பாதையென அறிவித்ததும், 1993இன் புனித ஆண்டைக் கலீசிய அரசு பெரும் உல்லாசப் பயண இயக்கமாக்கியதும் அரசியலன்றி வேறென்ன? இறுதி 100 கிலோமீற்றரை நடந்தோருக்குச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. 2024இல் அதைப் பெற்றோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்.

எங்கோ நடக்கும் நடை எமக்கெதற்கு என்பாரும் உளர். இப்புனிதரின் பெயரிலேயே 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடினார். கிளாலியில் அவருக்கு ஆலயமுண்டு. போர்த்துக்கேயர் இவரை மட்டுமா கொண்டுவந்தனர்? ஐபீரியாவில் தம் பகைவருக்கிட்ட 'மூர்' என்னும் பெயரையும் கப்பலேற்றி வந்து, எம் அயலவரான சோனகருக்குச் சூட்டினர். ஆங்கிலக் குடிசன மதிப்பீட்டில் அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. குதிரையின் கீழே கிடப்போரின் பெயர் அது.

ஆகவே, சிற்பத்தை நூதனசாலைக்கு அனுப்ப வேண்டுமென நாம் கோரவில்லை, அதுவும் மறைப்பே. அது நின்றவிடத்தில் நிற்கட்டும். மலர்களை எடுத்துவிடுக. ஏரொன்றுக்கு அளந்த தானியத்தின் கதையை, விடுதிகளின் பட்டியலோடு சேர்த்துக் கைந்நூல்களில் அச்சிடுக. சான்றிதழுக்காக வரிசையில் நிற்கும் யாத்திரிகர் அதற்கு முன் அக்குதிரையின் எதிரே சற்று நின்று, கீழே கிடப்போர் யாரென வினவட்டும்.