பிரசவ அறையில் துணை: பணக்காரருக்கு மட்டுமா?

மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குச் சென்ற பங்குனியில் பிரசவ வலி கண்டது. ஏழாம் மாதம் வரை உப்புக்கூடை சுமந்தவள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். கூட வந்த மாமியாரை வாசலில் நிறுத்திவிட்டார்கள். இரவு முழுவதும் அந்தக் கிழவி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மருமகளின் கூக்குரல் காதில் விழுந்தது. உள்ளே போக வழியில்லை.

தாயும் சேயும் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பெண் பிறகு நம்மிடம் சொன்னாள்: "வலியக்கூடப் பொறுத்துக்கிட்டேன் தோழர். கையப் புடிக்க ஒரு ஆள் இல்லையே, அதத்தான் பொறுக்க முடியல."

இது ஒரு பெண்ணின் தலைவிதி என்று விட்டுவிடலாமா? கூடாது. இது ஒரு உரிமை பறிபோன விஷயம்.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடனிருக்கலாம் என்ற ஏற்பாடு 2004-லேயே வந்தது. 2016-ல் மத்திய சர்க்காரும் தேசம் முழுமைக்கும் இதை அனுமதித்தது. துணையாக வருபவள் உறவுப் பெண்ணாக, கூடுமானவரை பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவளாக இருக்க வேண்டும். தொற்று நோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை உடுத்தி, கடைசி வரை கூட இருக்க வேண்டும். டாக்டர், நர்சுகளின் வேலையில் குறுக்கிடக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. இதில் எதை அந்த மாமியார் மீறினாள்? உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. கிழவி மரத்தடியில் இருக்கிறாள்!

பட்டணத்துப் பணக்காரர் வீடுகளில் இதே துணைக்கு இப்போது 'டூலா' என்று பெயர். கர்ப்ப காலத்தில் யோசனை சொல்லவும், பிரசவத்தில் முதுகைத் தடவித் தைரியம் கொடுக்கவும், பிறகு பால் கொடுக்கப் பழக்கவும் காசு கொடுத்து ஆள் அமர்த்துகிறார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அடிமைப் பெண், பணிப்பெண் என்று பொருள். நமக்கு இது புதிதல்ல. நம் கிராமங்களில் மருத்துவச்சி இந்த வேலையைத்தான் செய்தாள். நடுநிசியில் அவளைக் கூப்பிட்டார்கள். விடிந்ததும் கீழ்ச்சாதி என்று ஒதுக்கினார்கள். முறம் நெல்லும் பழஞ்சேலையும் கூலி!

பழைய காலத்திற்குத் திரும்பிப் போகச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. அதனால் எத்தனையோ தாய்மார்கள் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியும் வேண்டும், அங்கே அன்பான ஒரு கையும் வேண்டும் என்பதே நமது கட்சி.

துணை என்பது வெறும் ஆறுதல் என்று நினைப்போர் கவனிக்கட்டும். 17 தேசங்களில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் திரட்டி 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். ஓயாமல் ஒருவர் துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, ஆபரேஷன் குறைகிறது என்று கண்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷன்; தனியார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 64! அவசியமான ஆபரேஷன் உயிர் காக்கும். அவசியமில்லாதது யார் பையை நிரப்புகிறது என்பதைச் சொல்ல வேண்டுமா?

தொழிலாளி வர்க்கத்திற்கு இதில் ஒரு பாரம்பரியமும் உண்டு. சோவியத் நாட்டில் கார்க்கோவ் நகரத்து வெல்வோவ்ஸ்கியும் மற்ற டாக்டர்களும், பயத்தைப் போக்கி, மூச்சுப் பயிற்சி கொடுத்து, வலியைக் குறைக்கும் முறையை வகுத்தார்கள். 1951-ல் அங்கே சென்று கண்ட பிரெஞ்சு டாக்டர் லமாஸ், 1952-ல் அதைப் பாரிஸில் கொண்டுவந்தார். எங்கே? சீமான்களின் நர்சிங் ஹோமில் அல்ல; உலோகத் தொழிலாளர் சங்கத்தின் ஆஸ்பத்திரியில்! பயிற்சி பெற்ற ஒரு பெண் தாயின் பக்கத்திலேயே இருந்து வழிகாட்டினாள். தொழிலாளியின் மனைவிக்குக் கிடைத்தது அது. இன்று உலகச் சந்தையில் விலைபோகிறது.

சரி, கதவைத் திறந்துவிட்டால் போதுமா? உப்பளத்தில் போதாது. தை பிறந்து மழை வரும்வரைதான் வேலை. துணைக்கு வரும் மாமியாரும் நாத்தியும் அதே பாத்தியில் உப்பு வாருகிறவர்கள். மூன்று நாள் போனால் மூன்று நாள் கூலி போச்சு. முண்டியம்பாக்கத்திற்கோ புதுச்சேரிக்கோ அனுப்பினால் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு வேறு. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருளுமாகத் தாய்க்கு என்று இருக்கிறது. துணைக்கு ஒன்றுமில்லை. 2017-ல் 26 வாரமாக நீண்ட சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்போ, கணக்கில் பெயரில்லாத நாள்கூலிப் பெண்ணை எட்டிப் பார்ப்பதில்லை. அவள் பச்சைக் குழந்தையை வரப்போரத்துத் துணி நிழலில் கிடத்திவிட்டு உப்பு நீரில் இறங்குகிறாள்.

"இட நெருக்கடி, கூட்டம் சேரும்" என்கிறார்கள் அதிகாரிகள். கட்டிலுக்குக் கட்டில் திரை போட எத்தனை ரூபாய் ஆகும்? நர்சுகள்மீது நமக்குக் கோபமில்லை. ஒரே நர்ஸ் பல பேரைப் பார்த்தால் பொறுமை எங்கிருந்து வரும்? ஒப்பந்தச் சம்பளத்தில் வாடும் அவர்களும் தொழிலாளிகளே.

ஆகவே நாம் கேட்பது இது:

துணை உரிமையைப் பிரசவ அறை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மறுப்பவர் எழுத்தில் காரணம் தர வேண்டும்.

துணைக்குப் போகும் பெண்ணுக்கு மூன்று நாள் கூலியும் பயணச் செலவும் கொடுக்க வேண்டும். அதில் உப்பள முதலாளிகளும் பங்கு செலுத்த வேண்டும்.

அனுபவமுள்ள கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, சம்பளத்துடன் துணை வேலை தர வேண்டும்.

நர்ஸ் காலியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும்.

நாள்கூலிப் பெண்ணுக்கும் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு வேண்டும். உப்பளத்தில் குழந்தைகளுக்கு நிழற்கொட்டகை வேண்டும்.

இவை கிடைக்கும் வரை கைகட்டி நிற்க வேண்டாம். ஒவ்வொரு குப்பத்திலும் சங்கத் தோழர்கள் கர்ப்பிணிகளின் பட்டியல் எடுக்கட்டும். எட்டாம் மாதத்திலேயே துணை யார் என்று முடிவு செய்யட்டும். துணைக்குப் போகிறவளின் பாத்தியை மற்றவர்கள் பகிர்ந்து வாரட்டும். வாசலில் தடுத்தால் நான்கு பேராகப் போய், மரியாதையாக, உறுதியாக உத்தரவைச் சொல்லிக் கேட்கட்டும்.

ஊருக்கெல்லாம் உப்பிடும் பெண், தன் பிள்ளையைப் பெறும் வேளையில் அநாதையாகக் கிடக்கலாகாது. அடுத்த பங்குனியில் எந்தக் கிழவியும் மரத்தடியில் உட்கார்ந்திருக்கக் கூடாது, தோழர்களே!