அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து: ஹெய்ட்டிப் பெண்களில் யாருக்கு அந்தக் கதவு திறக்கிறது?

2023 மகளிர் உலகக் கிண்ணத்துக்குப் போன ஹெய்ட்டி அணியின் பெயர்ப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். பல பெயர்களுக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக் குழுக்கள் இருக்கும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் பல்கலைக்கழகங்கள். டேனியல் எட்டியன்: நியூயார்க்கின் ஃபோர்டம். மிலான் பியர்-ஜெரோம்: வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன்.

உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தைச் சந்திக்கும் அணியில் கல்லூரி மாணவியா? ஆமாம்.

நம்ம ஊர்ப் பல்கலைக்கழகப் போட்டிகளைப் போல இதை நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆண்களுக்கு விளையாட்டு வாய்ப்பு என்றால் பெண்களுக்கும் தந்தாக வேண்டும். அங்கே மகளிர் காற்பந்து வளர்ந்ததற்கு அதுவே பெரிய காரணம். உபகாரச் சம்பளம், பயிற்றுநர், மருத்துவர், நல்ல திடல், கூடவே ஒரு பட்டம்... எல்லாம் ஒரே இடத்தில்!

ஹெய்ட்டியில் நிலைமை நேர்மாறு. 2010 நிலநடுக்கத்தில் காற்பந்துச் சங்கத்தின் தலைமையகமே இடிந்து விழுந்தது. 2021க்குப் பிறகு தேசிய அணிகள் சொந்த மண்ணில் அனைத்துலக ஆட்டம் ஆடவில்லை. தலைநகரின் பெரிய விளையாட்டரங்கம் இருக்கும் பகுதி கும்பல்களின் பிடியில் சிக்கியது. அப்படிப்பட்ட அணி 2023 பிப்ரவரியில் ஆக்லந்தில் சிலியை 2-1 என்று வென்று, முதன்முறையாக மகளிர் உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. இரண்டு கோலையும் போட்டவர் 19 வயது மெல்ச்சி டுமோர்னே. உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்திடம் தோற்றதும் ஒரே கோலில்தான், அதுவும் பெனால்டி.

அப்படியென்றால் ஹெய்ட்டியில் திறமையான பெண் கல்லூரி வழியாகப் போகலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

எட்டியன் அமெரிக்காவில் வளர்ந்தவர். அப்பா ஹெய்ட்டியின் முன்னாள் ஆட்டக்காரர். அண்ணன் டெரிக்கும் ஹெய்ட்டிக்காக ஆடுபவர். பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்காக ஆட ஃபிஃபா விதிகள் இடம் தருகின்றன. அதாவது, கல்லூரியில் படித்துக்கொண்டே ஹெய்ட்டிச் சட்டை போடுவது, அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் வழி. போர்ட்-ஓ-பிரின்ஸில் வளர்ந்த பெண்ணுக்கு ஆங்கிலம் வேண்டும், கல்விச் சான்றிதழ் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே விசா வேண்டும்.

அந்த விசாதான் இப்போது கிடைப்பதில்லை. 2025 ஜூன் 9 முதல் ஹெய்ட்டி உட்பட 12 நாட்டவர் நுழைய அமெரிக்கா தடை விதித்தது. மாணவர் விசாவும் அதில் அடங்கும். விளையாட்டாளர்களுக்கு விதிவிலக்கு உண்டுதான். ஆனால் அது உலகக் கிண்ணம், ஒலிம்பிக், வெளியுறவு அமைச்சர் தீர்மானிக்கும் மற்ற பெரிய போட்டிகளுக்கு. கல்லூரிப் படிப்பு அதில் சொல்லப்படவில்லை. ஒரு ஆட்டத்துக்கு வரலாம், நான்கு வருஷம் படிக்க வர முடியாது. விநோதமான கணக்கு!

ஏற்கெனவே அங்கே படிக்கும் ஹெய்ட்டிக் குடிமக்களின் விசாவை இந்தத் தடை ரத்து செய்யவில்லை. ஆனால் ஒருத்தியின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவளுடைய விசா காலாவதியாகிவிட்டது. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை படிப்பைத் தொடரலாம். தேசிய அணி வெளிநாட்டு ஆட்டத்துக்கு அழைக்கிறது. போனால், திரும்பி வரப் பெரும்பாலும் புது விசா வேண்டும், அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. போகாவிட்டால், நாட்டுக்காக ஆட முடியாது. பக்கத்தில் நிற்கும் அமெரிக்கக் கடப்பிதழ் வைத்திருக்கும் தோழிக்கு இந்தக் கவலையே இல்லை. ஒரே அணி, ஒரே சட்டை.

பணத்திலும் இதே கதைதான். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே வருமானத்தில் பங்கு தரலாம். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர் வேலை பார்க்கக் கடும் கட்டுப்பாடு. கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டிய நிலை.

மிச்சம் இருப்பது பிரான்ஸ். மொழி ஓரளவு தெரியும், சம்பளமும் உண்டு. டுமோர்னே போனது அந்த வழியில்தான்: 2021இல் 18 வயதானதும் ரீம்ஸ், 2023இல் லியோன். ஆனால் அனைத்துலகக் குழு மாற்றத்துக்குப் பொதுவாக 18 வயதாகியிருக்க வேண்டும். அதுவரை பயிற்சி ஹெய்ட்டியிலேயே. பிரெஞ்சுக் குழுவும் வந்ததும் ஆடக்கூடியவரைத்தான் எடுக்கும். கொஞ்சம் மெதுவாக முன்னேறும் ஆட்டக்காரருக்கு நான்கு வருஷம் அவகாசம் கொடுத்தது கல்லூரிதான்.