கடல் புறா பறக்கலாம், காதல் கதை நுழையக் கூடாதா?



நம்மிடையே ஓர் இரட்டை அளவுகோல் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கல்கியையோ சாண்டில்யனையோ கையில் வைத்திருப்பவர் ‘இலக்கிய ஆர்வலர்’. ரமணிசந்திரனைக் கையில் வைத்திருப்பவர் ‘வெட்டிப்பொழுது போக்குபவர்’. இந்த இரண்டாமவர் பெரும்பாலும் ஒரு குடும்பத்தலைவியாக இருப்பார் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். இந்த அளவுகோல் நேர்மையற்றது. அதைவிட, தமிழ் வாசிப்புக்கே கேடு செய்வது. அதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறேன்.

ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோருக்கென வாசிப்பு மூலை அமைத்தார்கள். நல்ல முயற்சி! தாய் ஒருவர் தம் வீட்டிலிருந்து இரண்டு பெட்டி நாவல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பொறுப்பிலிருந்தவர் அவற்றை அங்கேயே பிரித்தார். ‘கடல் புறா’ மூன்று பாகங்களும் அலமாரிக்குச் சென்றன. சமகாலக் காதல் நாவல்கள் மீண்டும் பெட்டிக்கே திரும்பின. “இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம்மா, பிள்ளைகள் கண்ணில் பட்டால் நன்றாக இருக்காது” என்றார். அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது ஒரு கேள்வி. பொறுப்பாளர் ‘கடல் புறா’வைப் படித்திருந்தாரா? படித்தவர் எவரும் அப்படிப் பிரித்திருக்க மாட்டார். சாண்டில்யனின் பெண் வருணனைகள் எத்தகையவை என்பது அவருடைய வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். கதைத்தலைவியின் நடையையும் இடையையும் பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். ரமணிசந்திரனின் நாவல்களிலோ, தலைவன் தலைவியின் கையைப் பற்றுவதற்கே பல அத்தியாயங்கள் கடக்க வேண்டும். ‘பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது’ என்பதுதான் அளவுகோல் என்றால், பெட்டிக்குத் திரும்பியிருக்க வேண்டியவை வேறு நூல்கள்!

ஆக, ஒழுக்கம் இங்கே அளவுகோலன்று. அரசன், போர், கப்பல் ஆகியவை இருந்தால் காதலுக்கு மன்னிப்பு உண்டு. வங்கி வேலை, வாடகை வீடு, மாமியார் ஆகியோர் இருந்தால் மன்னிப்பு இல்லை. இதுதான் உண்மை.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மறுப்பு: “சரித்திர நாவல் வரலாற்றைக் கற்பிக்கிறது.” ஓரளவு உண்மைதான். கடாரத்தின்மீது படையெடுத்த (1025) இராசேந்திர சோழனை நம்மில் பலர் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ வழியாகவே நெஞ்சில் பதித்துக்கொண்டோம். கடாரம் என்பது நம் கெடா. பூஜாங் பள்ளத்தாக்கு நமக்கு அயலூரன்று. அதனால் அந்தக் கதைகளின்மீது நமக்குத் தனி உரிமையே உண்டு. ஆனால், ‘பொன்னியின் செல்வ’னின் நந்தினி வரலாற்றில் இல்லை. பூங்குழலியும் இல்லை. ‘சிவகாமியின் சபத’த்தின் சிவகாமியும் கற்பனையே. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. நந்தினியைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படங்கள் 2022இலும் 2023இலும் வெளிவந்தபோது நந்தினியை மெய்யான சோழ வரலாறாகவே நினைத்துப் பேசியவர்கள் எத்தனை பேர்! சமகாலக் காதல் நாவலைப் படிப்பவர் அதைக் கதையென்று அறிந்தே படிக்கிறார். சரித்திர நாவலைப் படிப்பவரே கதையை வரலாறாக மயங்கும் இடரில் இருக்கிறார்.

இரண்டாம் மறுப்பு: “காதல் பள்ளிக்கு ஆகாத பொருள்.” இதைத் தமிழாசிரியர் சொல்லலாமா? எட்டுத்தொகையில் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, கலித்தொகை ஆகிய ஐந்தும் அகத்துக்கே உரியவை. திருக்குறளில் 25 அதிகாரங்கள், அதாவது 250 குறட்பாக்கள், காமத்துப்பாலில் உள்ளன. ‘கடல் புறா’வின் நாயகனான கருணாகரத் தொண்டைமானின் வெற்றியைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், போர்க்களம் வருவதற்கு முன்னரே ‘கடை திறப்பு’ வருகிறது. அதை வகுப்பில் விளக்கிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு உண்டு? இந்நாட்டின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது எது? வெங்கடரத்தினம் எழுதி 1917இல் வெளிவந்த ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. பெயரிலேயே காதல்! அதை மதிப்போடு வரலாற்றில் குறித்துவிட்டு, இன்றைய காதல் கதையைப் பெட்டிக்குள் தள்ளுவது என்ன நியாயம்?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் கையில் காதல் நாவலைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வயதுக்கேற்ற நூல் என்பது வேறு செய்தி. நான் பேசுவது பெற்றோரின் வாசிப்பைப் பற்றியும், அதை நாம் எப்படி மதிக்கிறோம் என்பதைப் பற்றியுமே.

மூன்றாம் மறுப்புதான் வலுவானது: “எல்லாம் ஒரே கதை. தரமில்லை.” செல்வந்தனும் செருக்கனுமான நாயகன், தன்மானமுள்ள ஏழை நாயகி, இடையில் ஒரு சந்தேகம், முடிவில் திருமணம். ஆம், இந்த வாய்பாடு உண்டு. ஆனால் இதை முதலில் சொன்னவர்கள் யார் தெரியுமா? அந்நாவல்களின் வாசகிகளே! இரண்டு வாசகிகள் பேசிக்கொள்வதைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். “இவன் மன்னிப்புக் கேட்டது போதாது.” “அவள் படித்த பெண், எதற்கு இத்தனை நாள் வாய் மூடி இருந்தாள்?” “முடிவை அவசரமாக முடித்துவிட்டார்.” பாத்திரப் படைப்பு, கதைப்பின்னல், உத்தி என்று நாம் கரும்பலகையில் எழுதி விளக்கும் அனைத்தும் இந்தப் பேச்சில் இருக்கின்றன. கலைச்சொற்கள் மட்டுமே இல்லை.

வாசகரின் கருத்தை மூத்த எழுத்தாளர்கள் இழிவாக எண்ணியதில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி விடையளித்தார். வை.மு.கோதைநாயகி அம்மாளை எண்ணிப் பாருங்கள். பள்ளிப் படிப்பில்லாத அவர், தம் முதல் நூலான ‘இந்திர மோகனா’வை வாயால் சொல்லித் தோழியைக் கொண்டு எழுதுவித்தார். பின்னர் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி 115 நாவல்களை எழுதினார். அவருடைய காலத்திலும் “பெண்களுக்கு நாவல் எதற்கு?” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பெண்களோ படித்துக்கொண்டே இருந்தார்கள்.

குறைகளை மூடி மறைக்கவும் நான் வரவில்லை. நாயகியை அறைகிற நாயகன், விருப்பமின்றித் தாலி கட்டுகிற நாயகன், இறுதியில் ‘அளவு கடந்த அன்பினால் செய்தேன்’ என்று சொல்லித் தப்பிக்கிறான். ‘ஆன்டி ஹீரோ’ என்று அதற்குப் பெயரும் சூட்டியாயிற்று. கைப்பேசியில் தொடர்கதை படிக்கும் பதினாறு வயது மாணவி இதைக் காதலென்று நம்பினால் அது பெருந்தீங்கு. ஆனால், அவளிடம் இதைப் பற்றி யார் பேசுவது? “குப்பை” என்று நாம் சொன்ன அன்றே அவள் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கதை மட்டும் அவளிடம் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. சிறை மீண்ட சிவகாமியை நரசிம்மவர்மன் ஏன் மணக்கவில்லை என்று கேட்கத் தெரிந்த மாணவிக்கு, ‘அறைந்தவனை இவள் ஏன் மணந்தாள்?’ என்று கேட்கவும் தெரியும். கேட்க இடம் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

இனி, இதில் நாம் இழப்பது என்ன என்பதைச் சொல்கிறேன். நீலாம் வாசிப்புப் பதிவேட்டில் நூலின் பெயர், ஆசிரியர், பக்க எண்ணிக்கை, கதைச்சுருக்கம் என்று பிள்ளைகள் எழுதிக் குவிக்கிறார்கள். எழுதி முடித்ததும் நூலை மூடிவிடுகிறார்கள். ஏன்? பெரியவர்கள் மதிப்பெண்ணுக்காக அல்லாமல் தமிழ் படிப்பதை அவர்கள் காண்பதில்லை. நம் வீடுகள் பலவற்றில் விருப்பத்தோடு தமிழ் நூலைக் கையில் எடுக்கும் ஒரே ஆள் அம்மா. அவர் எடுப்பது ஒரு காதல் நாவல். அதை நாம் ஏளனம் செய்தால், அந்தக் கையில் கல்கி வந்து அமர்ந்துவிடுவாரா? தொலைக்காட்சியின் தொலைவியக்கிதான் வந்து அமரும். பிள்ளை பார்த்து வளரும் கடைசித் தமிழ் வாசகியையும் நாமே துரத்தியவர்கள் ஆவோம்.

ஆகவே, மூன்று வேண்டுகோள்கள்.

1. பெற்றோர் வாசிப்பு மூலைகளில் சரித்திர நாவலும் சமகால நாவலும் ஒரே அலமாரியில் இருக்கட்டும். அருகிலேயே ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இருக்கட்டும். ஒன்றை எடுக்க வந்தவர் மற்றொன்றையும் புரட்டுவார்.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கட்டணமும் நன்கொடையும் பேசிய பிறகு, பதினைந்து நிமிடம் ஒரு நாவலைப் பற்றித் தாய்மார்கள் பேசட்டும். ஆசிரியர்கள் கேட்கட்டும். திருத்த வேண்டாம்.

3. இடைநிலைப்பள்ளியில் கதைச்சுருக்கம் எழுதச் சொல்வதோடு நில்லாமல், “இந்த முடிவை நீ ஏற்கிறாயா? ஏன்?” என்று கேளுங்கள். கேட்கப்படும் நூல் மாணவர் உண்மையில் படித்ததாக இருக்கட்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நீங்கள் படிக்கும் நாவலைத் தலையணைக்கு அடியில் மறைக்காதீர்கள். கூடத்தில் பிள்ளைகளின் எதிரே அமர்ந்து படியுங்கள். பிடிக்காத கதையைப் பிடிக்கவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை கேட்கப்போகும் முதல் தமிழ்த் திறனாய்வு அதுவாகவே இருக்கும்.