பாக்கெட்டின் மேல் அச்சிட்ட விலை

சென்ற மாதம் ஒரு நாள் காலை, செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டு வாங்கினேன். பாக்கெட்டில் அச்சிட்டிருந்த விலைக்கு மேல் இரண்டிரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டார் கடைக்காரர். எதற்கு என்றேன். "கூலிங் சார்ஜ், அங்கிள்" என்றார். பின்னால் நின்றிருந்த நம்மவர் ஒருவர், "இரண்டு ரூபாய்க்கா சார் இத்தனை பேச்சு?" என்று அலுத்துக்கொண்டார். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை.

நான் 1981-ல் டிப்ளமா சான்றிதழோடு மாதுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவன். அன்றைய பம்பாயில் பால் என்றால் ஆரே சாவடிதான். விடியுமுன் கையில் அட்டையும் காலி பாட்டில்களுமாக வரிசையில் நிற்போம். அட்டையில் எத்தனை பாட்டில் என்று இருக்கிறதோ அத்தனைதான் கிடைக்கும். விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டியதுதான். பால் தட்டுப்பாடு இருந்தது உண்மை. ஆனால் சொன்ன விலைக்கு மேல் ஒரு பைசா கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த நகரத்தின் பால் விலையில் அரசாங்கம் கை வைத்தது நேற்று இன்றல்ல. 1945-ல் பம்பாய் அரசு நகரத்துக்கென ஒரு பால் திட்டம் தொடங்கி, குஜராத்தின் கேடா மாவட்டத்திலிருந்து பால் கொண்டுவரும் பொறுப்பைப் போல்சன் நிறுவனத்திடம் கொடுத்தது. பால் ரயிலேறி நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தது. நகரத்துக்குப் பால் கிடைத்தது, நிறுவனத்துக்கு லாபம் கிடைத்தது. மாடு வளர்த்தவனுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் விவசாயிகள் கூடினார்கள். இனி போல்சனுக்குப் பால் இல்லை, எங்கள் கூட்டுறவுச் சங்கத்திடமே அரசு வாங்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். பதினைந்து நாள் பாலை நிறுத்தியதும் அரசு இறங்கி வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 14-ல் பதிவான சங்கம்தான் இன்றைய அமுல். சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன் அங்கே போய்ச் சேர்ந்தது 1949-ல்.

சரி, அரசே விலை வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஊரைப் பாருங்கள். தமிழக அரசு 2021 மே மாதம் ஆவின் பாலை லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தது. 2022 நவம்பரில் கொள்முதல் விலையை மூன்று ரூபாய் உயர்த்தியபோது, கடையில் வாங்குவோருக்கு ஆரஞ்சு பாக்கெட் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாயிற்று. அட்டை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் பழைய 46 ரூபாய். இங்கே மகாராஷ்டிரத்திலும் 2018 ஜூலையில் விவசாயிகள் மும்பைக்குப் பால் அனுப்ப மாட்டோம் என்று சாலையில் கொட்டினார்கள். ஒரு பக்கம் விலையை அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். ஆகையால் எல்லா விலையையும் அரசே வைக்கட்டும் என்று நான் சொல்லவில்லை.

என் வாதம் சிறியது. விலையைப் பால் நிறுவனமே வைக்கட்டும். வைத்து அச்சிட்ட பிறகு அதுவே முடிவான விலையாக இருக்கட்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகளின்படி, பாக்கெட்டில் உள்ள அதிகபட்ச விலைக்கு மேல் சில்லறை வியாபாரி வாங்கக் கூடாது. பாலைக் கெடாமல் குளிரில் வைத்து விற்பது வியாபாரத்தின் ஒரு பகுதி. அதற்குத் தனிக் கட்டணம் ஏது?

நான் வாரம் ஒருநாள் தாராவியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இதையே ஒரு கணக்காகக் கொடுத்தேன். நாளைக்கு இரண்டு அரை லிட்டர் பாக்கெட், பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கூடுதல், ஆண்டுக்கு எவ்வளவு? எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 1,460 என்று எழுதிவிட்டு, "சார், எங்க அம்மா இவ்ளோ கொடுக்கிறாங்களா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் குளிர்பெட்டி கிடையாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அரை லிட்டராகத்தான் வாங்க முடியும். குளிர்பெட்டி வைத்திருக்கும் நமக்குப் பெரிய பாக்கெட் வாங்க வழியுண்டு. இல்லாதவர் தலையில்தான் இந்தக் கட்டணம் முழுதாக விழுகிறது.

கடைக்காரர் தரப்பையும் கேட்டேன். கமிஷன் போதவில்லை, மின்சாரக் கட்டணம் ஏறுகிறது, ஒழுகும் பாக்கெட்டின் நட்டம் தன்னுடையது என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் அவர் கேட்க வேண்டிய இடம் பால் நிறுவனம். கமிஷனைக் கூட்டி, தேவையானால் அதையும் சேர்த்தே விலையை அச்சிடட்டும். கூடினாலும் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். ரயில்வேயில் கட்டணம் ஏறினால் நாங்கள் முணுமுணுப்போம். ஆனால் டிக்கெட்டில் அச்சான தொகைக்கு மேல் கவுன்ட்டரில் கேட்டால் யாராவது கொடுப்போமா?

இனி நம் வீட்டளவில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. கூடுதலாகக் கேட்டால் பில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் சொசைட்டியில் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். கேடா விவசாயிகளும் ஒவ்வொருவராகக் கேட்டபோது கிடைக்காதது, கூடிக் கேட்டபோதுதான் கிடைத்தது.

மறுநாளிலிருந்து நானும் கேட்கத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் கடைக்காரர் முகம் சுளித்தார். மூன்றாம் நாள் சரியான சில்லறை கொடுத்தார். ஆனால் எனக்கு மட்டும்தான்! பின்னால் நின்றவர் இன்னமும் இரண்டு ரூபாய் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் இந்தப் பத்திரிகையின் வாசகராக இருக்கக் கூடும் என்பதால்தான் இதை எழுதினேன்.