ஏரிக்கரை முகாமுக்கு இடம் குறிப்பது யார்?

காஞ்சிபுரம் மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்று அழைப்பது நெடுநாளைய வழக்கம். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்திலுள்ள வல்லம் வடகாலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஏரிநீரை நம்பி வாழ்ந்தவை. இன்றோ அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பலர்க்கு நினைவில் எழுவது சிப்காட் தொழிற்பூங்காவே ஆகும். 2024 ஆகஸ்டு 17 அன்று, 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய பெருங்குடியிருப்பு அங்கே திறந்து வைக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்து மக்கள்தொகை ஒரே வளாகத்திற்குள் வந்து சேர்ந்துவிட்டது எனலாம்.

ஆறு நாள் ஆலையில் உழைக்கும் இளையோர் ஏழாம் நாள் நீரும் நிழலும் உள்ள இடத்தை நாடுவது இயற்கை. சென்னையிலிருந்தும் இளைஞர் குழுக்கள் துணிக்கூடாரங்களைச் சுமந்துகொண்டு ஆற்றங்கரைகளையும் ஏரிக்கரைகளையும் தேடிச் செல்லும் பழக்கம் பெருகி வருகின்றது. ஓர் இரவு வானத்தின் கீழ்த் தங்கி, விடியலில் நீர்ப்பறவைகளைக் கண்டு மகிழ்ந்து திரும்ப அவர்கள் விரும்புகின்றனர். இவ்விருப்பத்தைக் குறைகூற நமக்கு நியாயம் இல்லை. அவர்கள் எங்கே தங்குவது என்பதும், அதனை யார் முடிவு செய்வது என்பதுமே நம் முன்னுள்ள வினாக்கள்.

நம் கருத்து இது: முகாமுக்குரிய இடத்தை ஊரார் குறிக்க வேண்டும், வருவோர் குறிக்கலாகாது. அதனையும், வருவோர் வந்து நின்று கேட்கும் வரையில் காத்திராமல், முன்கூட்டியே குறித்துவிட வேண்டும்.

அழகிய இடம் வேறு, தகுந்த இடம் வேறு

நகரத்திலிருந்து வருபவர் கண்ணுக்கு ஏரியில் அழகிய இடங்கள் மூன்று தென்படும். முதலாவது, நீர் வடிந்தபின் பசும்புல் படர்ந்து கிடக்கும் நீர்ப்பிடிப்புச் சமவெளி. இரண்டாவது, கலங்கலுக்குக் கீழே மணல் விரிந்து கிடக்கும் ஓடை. மூன்றாவது, கரையை அடுத்து மதகுக்குப் பக்கத்தில் மரநிழல் படிந்த தாழ்நிலம். கூடாரம் அடிக்க இவற்றினும் சிறந்த இடம் இல்லை என்றே அவர்க்குத் தோன்றும். ஆயக்கட்டு உழவரைக் கேட்டால், கூடாரம் அடிக்கக் கூடாத இடங்கள் இம்மூன்றுமே என்று விடையிறுப்பார். புல்வெளி ஏரியின் வயிறு. மணல் உபரிநீரின் வழி. கரையடி நிலமோ உடைப்பு நேர்ந்தால் வெள்ளம் முதலிற் பாயும் இடம். நீர் இல்லாத நாளில் நீரின் வீட்டை நம் வீடென்று மயங்குவதே இவ்வகை விபத்துகளுக்கெல்லாம் வித்தாகும்.

நெசவாளர்க்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. பாவு ஓட்டத் தெருவைத் தேர்ந்தெடுப்பவர் தெருவின் அழகைப் பார்ப்பதில்லை. நீளம் போதுமா, காலை வெயில் எப்பக்கம் விழும், காற்று எவ்வழி வீசும், மழை மூட்டம் உண்டா என்று நோக்கிய பின்னரே பாவை விரிக்கின்றார். கஞ்சி போட்ட பாவின்மீது ஒரு பாட்டம் மழை விழுந்தால் பல நாள் உழைப்பு வீண். நூலுக்கு இத்துணை எச்சரிக்கை தேவையாயின், உறங்கும் மனிதர்க்கு எத்துணை எச்சரிக்கை தேவை!

உலகம் கற்ற பாடங்கள்

ஸ்பெயின் நாட்டின் பியெஸ்காஸ் என்னும் ஊரருகே மலையோடை ஒன்று கொண்டுவந்து கொட்டிய வண்டல்மேட்டின்மீது முகாம் நிலம் ஒன்று அமைந்திருந்தது. 1996 ஆகஸ்டு 7 மாலையில் பெய்த பெருமழையால் ஓடை தன் பழைய வழியைத் தேடி வந்தது. 87 பேர் மாண்டனர். இதில் நம் சிந்தனைக்குரிய செய்தி மற்றொன்றும் உண்டு. பல்லாண்டு வழக்கின் முடிவில், 2005ஆம் ஆண்டில், நீதிமன்றம் அரசு அமைப்புகளையே பொறுப்பாக்கி இழப்பீடு தரச்செய்தது. இடம் கொடுப்பவர் பொறுப்பையும் சேர்த்தே கொடுக்கின்றார் என்பது இதனால் தெளிவாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2025 ஜூலை 4 விடியலுக்கு முன், குவாடலூப்பே ஆறு ஏறத்தாழ 45 நிமிடங்களில் 26 அடி உயர்ந்தது என்று அங்குள்ள அதிகாரிகள் கூறினர். ஆற்றங்கரையில் நெடுங்காலமாக நடந்து வந்த சிறுமியர் கோடை முகாம் ஒன்றில் மட்டும் சிறுமியரும் அவர்களைக் காத்த இளம்பெண்களுமாக 27 பேர் உயிரிழந்தனர். செல்வமும் அறிவியலும் மிக்க நாட்டிலேயே இந்நிலை. நூறாண்டு ஒன்றும் நேரவில்லை என்பது நாளையும் நேராது என்பதற்கு உறுதியாகாது.

நம் பகுதியின் வரலாறும் வேறன்று. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் முதல் நாளன்று அதிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரையோரம் பட்ட பாட்டை நாடறியும். அந்நாளில் மேல்புறத்து ஊர் ஏரிகள் பலவும் நிரம்பித் ததும்பின. மணிமங்கலம் முதலிய இடங்களின் உபரிநீரும் அடையாற்றையே சேர்ந்தது. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாற்றிலோ 2021 நவம்பரில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் ஓடியது. வறண்ட ஆறு இறந்த ஆறன்று. உறங்கும் ஆறே ஆகும்.

வெள்ளம் ஒன்றே இடர் என்று எண்ணலாகாது. ஏரிகளில் சவுடு மண்ணும் வண்டலும் வெட்டியெடுத்த பள்ளங்கள் நீர் நிறைந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. முழங்கால் நீரில் நடப்பவர் அடுத்த அடியில் தலைமூழ்கும் ஆழத்தில் விழுகின்றார். நீந்தத் தெரிந்தவரும் சேற்றில் சிக்கிக்கொள்கின்றார். எந்தப் பள்ளம் எங்கே உள்ளதென்று ஆடுமாடு மேய்ப்பவர்க்குத் தெரியும், வரைபடத்திற்குத் தெரியாது. வெட்டவெளியில் தனித்து நிற்கும் பனையின் கீழ் இடிமழைக்கு ஒதுங்கலாகாது என்பதும், வரப்பு வளைகளில் பாம்பு இருக்கும் என்பதும் ஊரறிந்த பாடங்களே.

ஏரிக்கு நேரும் கேடு

வருவோர்க்கு ஏரியால் நேரக்கூடிய தீங்கைக் கூறினோம். வருவோரால் ஏரிக்கு நேரக்கூடிய தீங்கும் உண்டு. கரைமேல் ஊர்தி ஓட்டினால் மண் தளர்கின்றது. அடுப்புக்கென்று கரைமரங்களை வெட்டினால் வேர்ப்பிடிப்புப் போகின்றது. உடைந்த கண்ணாடிப்புட்டி நடவுக்கு இறங்கும் பெண்ணின் காலைப் பதம் பார்க்கின்றது. ஞெகிழிப்பை மதகின் வாயில் அடைத்துக்கொண்டால் கடைமடை வயலுக்கு நீர் எட்டாது. கழிவு கலந்த நீரே பின்னர் கால்நடைக்கும் கிணற்றுக்கும் சென்று சேரும். நூல் அலசுவோர்க்கும் சாயம் தோய்ப்போர்க்கும் தெளிந்த நீரின் அருமையை நாம் எடுத்துக்கூற வேண்டுமோ?

கங்கைக் கரையில் இச்சிக்கல் முற்றியபோது, கௌடியாலா முதல் ரிஷிகேசம் வரையிலான ஆற்று மணல்மீது முகாம் அமைப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. முறை வகுக்காமல் வளரவிட்டதன் பின்னர்த் தடை ஒன்றே வழியாகும் என்பதற்கு இது சான்று.

வேண்டவே வேண்டாம் என்பார்க்கு

"வெளியார் தொடர்பே வேண்டாம், ஏரி நமக்கு வயலுக்குப் பாயத்தான்" என்று கூறும் பெரியவர்கள் நம்மிடையே உளர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் வேலி கட்டி மறைக்கக் கூடியதன்று ஏரி. நல்ல இடத்தை நாம் காட்டாவிடில், தீய இடத்தை அவர்களே கண்டுகொள்வர். இரவில் யாருக்கும் சொல்லாமல் கலங்கல் மணலில் கூடாரம் அடித்தவரை எச்சரிக்க விடியும்வரை ஒருவரும் இரார். இடம் காட்டுவது தடுப்பதினும் வலிமையுள்ள காவலாகும்.

மேலும், முகாம் என்பது நம் சிற்றூர்களுக்குப் புதிதன்று. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ்க் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் ஏழு நாள் கிராமங்களில் தங்கிக் கால்வாய் தூர்த்தும் மரம் நட்டும் பணிபுரிந்து வருகின்றனர். ஊரார் அவர்களை வரவேற்பதன் காரணம், அவர்கள் கேட்டு வருவதும், காட்டிய இடத்தில் தங்குவதுமே. வேடந்தாங்கலையும் நோக்குக. பறவைகளுக்காகத் தம் பழக்கங்களைக் கட்டுப்படுத்திக்கொண்ட ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது. காண வருவோர் கரையில் நின்று காண்பர், நீருக்குள் இறங்கார். வரம்பு இருப்பதனாலேயே அவ்விடம் வாழ்கின்றது. 2022இல் உலகச் சிறப்புள்ள ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது.

மறுபுறம், "இடம் கொடுத்தால் பணம் வரும், கட்டடமே எழுப்பிவிடலாம்" என்று ஆசை காட்டுவோரும் வருவர். அவர்களிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. ஏரிப் புறம்போக்கை ஆக்கிரமிப்பதைத் தடுக்கவும் அகற்றவும் 2007ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது. இன்று கூடாரம், நாளை கொட்டகை, மறுநாள் சுவர் என்று வளர்வதே ஆக்கிரமிப்பின் வழி. ஆகவே நாம் குறிக்கும் இடத்தில் காலையில் பிரித்தெடுக்க முடியாத எதுவும் எழலாகாது.

நாம் செய்யத்தக்கது

முதலாவது, இடம். ஏரியின் முழு நீர்மட்டத்திற்கு மேற்பட்ட பக்கவாட்டு மேட்டில், வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் தொடாத புன்செய் நிலமொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கிருந்து சாலைக்குச் செல்லும் வழி எந்த ஓடையையும் கடக்கலாகாது. இரவில் மழை வலுத்தால் அவ்வழியே உயிர்வழி. உறுப்பினர் ஒருவரின் சொந்தப் புன்செயை நாள்வாடகைக்குப் பெறுவது புறம்போக்கைத் தொடுவதினும் நன்று. 2015ஆம் ஆண்டு வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை முதியோரைக் கேட்டுக் கல் நட்டுக் குறித்துவிடலாம்.

இரண்டாவது, காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எவரையும் தங்கவிடலாகாது. பொங்கலுக்குப் பின் பங்குனி வரையிலான காலமே ஏற்றது. அப்போது நீரும் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும். அக்காலத்திலும் மழை எச்சரிக்கை வந்த நாளில் இசைவு தானே நீங்கியதாகக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒழுங்கு. கழிப்பிடம் நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளியே அமைய வேண்டும். மலைமுகாம் செல்வோர் மேலைநாடுகளில் கைக்கொள்ளும் அளவு இது. சோப்பும் எண்ணெயும் நீரில் கலக்கலாகாது. குளிக்கத்தக்க துறை எது என்பதைக் கொடி நட்டுக் காட்ட வேண்டும். பெண்கள் குளிக்கும் துறையில் ஊராரின் உரிமை ஊறுபடலாகாது. குப்பை முழுவதும் கொண்டுவந்தவரோடே திரும்பிச் செல்ல வேண்டும்.

நான்காவது, வருவாய். கட்டணத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு உரியவர்க்கும், ஒரு பங்கு இரவில் துணையிருக்கும் ஊர்க்காவலர்க்கும், எஞ்சியது கால்வாய் தூர்வாருவதற்கும் செல்க. உணவுப்பொருளை உழவர் சங்கமும், துண்டு போர்வைகளை நெசவாளர் சங்கமும் நேரே விற்கலாம். ஆலைத் தொழிலாளர்க்குக் கட்டணம் குறைவாக இருத்தல் வேண்டும். அவர்கள் நம் அண்டை வீட்டார். பெண்களாக வரும் குழுவிற்குப் பெண் உறுப்பினர் இருவர் துணையிருப்பது நம் கடமையாகும்.

இவற்றைத் தீர்மானிக்கும் மன்றம் கிராமசபையே. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாள்களுள் ஒன்று. அதற்கு முன்னரே நம் சங்கங்கள் கூடி ஆராய்ந்து, நீர்வளத் துறையின் கருத்தையும் பெற்று, தீர்மானத்தை எழுதி அன்று சபைமுன் வைக்கலாம். இது நமக்கு இயலாத காரியமன்று. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏரியை மேற்பார்க்க ஏரி வாரியம் என்னும் குழுவைக் குடவோலையால் தேர்ந்தெடுத்தனர் என்பதைக் கல்வெட்டு இன்றும் கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கு வாரியம் அமைத்தவர் வழிவந்த நாம், அதன் கரையில் ஒரு கூடாரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அஞ்ச வேண்டுவதில்லை.

ஏரியின் இயல்பை அறிந்தவர் நாம். அவ்வறிவை நமக்குள்ளேயே வைத்திருந்தால் அது வயலுக்கு மட்டும் பயன்படும். வருவோர்க்கும் பகிர்ந்தால் உயிர்களையும் காக்கும். வல்லம் வடகால் பகுதிச் சங்கங்கள் இவ்வாண்டே இப்பணியைத் தொடங்கிப் பிற ஊர்களுக்கு வழிகாட்டுமாக.