அலறும் இயந்திரம்

"மில்லிங் மெஷின் என்றால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். அதற்குப் பயந்தால் பட்டறை நடத்த முடியுமா?" இப்படிக் கேட்பவர்கள் உண்டு.

இதில் பாதிதான் உண்மை. இரும்பை வெட்டினால் ஓசை எழாமல் இராது. 8 பற்கள் உள்ள கட்டர் நிமிஷத்துக்கு 600 சுற்று சுற்றினால், விநாடிக்கு 80 தடவை பற்கள் இரும்பில் மோதுகின்றன. அது வேலையின் ஓசை.

ஆனால், திடீரென்று கிளம்பும் அலறல் வேறு. ஒரு பல் அலை அலையாக விட்டுச் சென்ற பரப்பை அடுத்த பல் வெட்டுகிறது. அதிர்வு அதிர்வை வளர்க்கிறது. தொழிலாளர் இதைச் 'சேட்டர்' என்பார்கள். அமெரிக்க இன்ஜினீயர் டெய்லர் 1907-லேயே இதைப் பெரும் புதிராகக் குறிப்பிட்டார். இன்று காரணமும் தெரியும்; பரிகாரமும் தெரியும்.

வெட்டின் ஆழத்தைக் குறைக்கலாம். வேகத்தை மாற்றலாம்; சில சமயம் வேகத்தைக் கூட்டினாலும் அலறல் அடங்கும். மழுங்கிய கட்டரைத் தீட்டலாம். வெட்டும் இரும்பை வைஸில் அசையாமல் இறுக்கலாம். கட்டரை வெளியே நீட்டி மாட்டாமல் குட்டையாக மாட்டலாம். நீட்டம் இரு மடங்கானால் அது வளைவது எட்டு மடங்காகும்!

அலறல் அடங்கினால் பரப்பு வழவழப்பாகும். கட்டர் நீடித்து உழைக்கும். இது முதலாளிக்கு லாபம்.

தொழிலாளிக்கு? அவருடைய காதே மிஞ்சும். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய அணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரமே இருக்கலாம் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1998-ல் பரிந்துரை செய்தது. 88 டெசிபல் ஆனால் 4 மணி நேரந்தான். மூன்றே டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகிறது.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் காணலாம். 2020-ம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆகவே இது தலைவிதி அல்ல. தடுக்க வேண்டிய நோய்.

காதடைப்பான் கொடுப்பது நல்லதே. ஆனால் அது கடைசிக் காவல். முதற் காவல் மெஷினில் இருக்கிறது. மெஷின் அலறும்போது அதை நிறுத்தித் திருத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவர் கூலியில் கை வைக்கலாகாது.

உடைந்த கட்டருக்கு மாற்று கடையில் கிடைக்கும். கெட்ட காதுக்குக் கிடைக்காது!