கட்டைகள் கற்றுத்தரும் கணக்கு

மூன்று வயதுக் குழந்தை இரண்டு மரக்கட்டைகளை இடைவெளி விட்டு நிறுத்துகிறது. மூன்றாவதை அவற்றின் மேல் படுக்கவைக்கப் பார்க்கிறது. நீளம் போதவில்லை, கட்டை விழுகிறது. கீழே இருப்பவற்றைச் சற்று நெருக்கிவைத்து மீண்டும் முயல்கிறது. பாலம் நிற்கிறது. பெரியவர்களுக்கு இது பொழுதுபோக்கு. குழந்தையோ அளவுகோல் இல்லாமலே ஒரு தூரத்தை அளந்து முடித்திருக்கிறது.

எது எங்கே இருக்கிறது, திருப்பிவைத்தால் எப்படித் தெரியும், எதனுள் எது அடங்கும் என்று மனக்கண்ணால் பார்க்கும் திறமை இப்படித்தான் வளர்கிறது. பின்னாளில் வடிவக் கணிதத்துக்கும் வரைபடத்துக்கும், ஏன், மோட்டாரைப் பிரித்து மாட்டுவதற்கும்கூட இது தேவை. கிண்டர்கார்ட்டன் முறையின் தந்தை எனப்படும் ஜெர்மானியர் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல் 19-ம் நூற்றாண்டிலேயே இதைப் புரிந்துகொண்டிருந்தார். எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம், அவர் குழந்தைகளுக்காக வகுத்த 'பரிசு'களில் ஒன்று. பிரிக்கலாம், சேர்க்கலாம், முழுமையும் பகுதியும் கைக்கே புரிந்துவிடும்.

இந்தத் திறமை பிறவியிலேயே வருவது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அமெரிக்க உளவியலாளர்கள் 2013-ல் வெளியிட்ட முடிவு வேறு: பயிற்சியால் இது வளரும், ஆண், பெண் இருபாலாருக்கும். மகனுக்குக் கட்டைகள், மகளுக்குச் சொப்புச் சாமான் என்று பிரித்து வாங்கும் பெற்றோர் யோசிக்க வேண்டிய விஷயம்.

வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. 2011-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், படங்களைப் பார்த்துப் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து கட்டியபோதுதான் 'மேலே', 'அடியில்', 'நடுவில்' போன்ற சொற்கள் அதிகம் புழங்கின. ஏற்கெனவே கட்டிமுடித்த பொம்மையோடு விளையாடியபோது குறைந்தன. இடத்தைக் குறிக்கும் சொல் காதில் விழ விழ, இடத்தைப் பற்றி யோசிப்பதும் எளிதாகிறது.

ஆனால் பல நர்சரி பள்ளிகளில் மூன்று வயதிலேயே பென்சில் பிடிக்க வைக்கிறார்கள். கட்டைகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. வீட்டுப்பாடம் தராத பள்ளி மீது பல பெற்றோருக்கும் நம்பிக்கை வருவதில்லை. எட்டு வயது வரை விளையாட்டு வழியே கற்பதைத்தான் 2020-ன் தேசிய கல்விக் கொள்கை வலியுறுத்துகிறது. அது எல்லா வகுப்பறைகளுக்கும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விலை உயர்ந்த பெட்டியும் வேண்டாம். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளில், வாய்க்குள் போகாத அளவாகப் பார்த்து எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். கோபுரம் சரியும்போது ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தாமல், ''ஏன் விழுந்தது?'' என்று கேட்பவராக இருந்தால் இன்னும் நல்லது.